கல்லாப்பெட்டியை எடுத்துவிடலாமா?

கேள்வி: சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் தோசை, இடியாப்பக் கடை நடத்துகிறோம். கல்யாணம், வளைகாப்பு என்று மொத்த ஆர்டரும் எடுப்போம். இப்போது பாதி வியாபாரம் பேநவ்விலும் (போன் வழியாகக் கணக்குக்கு அனுப்புவது) நெட்ஸிலும் (கருவியில் அட்டை வழியாகக் கட்டுவது)தான் நடக்கிறது. "இனிமே ரொக்கமே வேணாம்மா, கல்லாப்பெட்டிய எடுத்துடலாம்" என்கிறான் மூத்தவன். ஆனால் போன வாரம் கூட்ட நேரத்தில் ஒருவர் போன் திரையைக் காட்டிவிட்டுப் பார்சலை வாங்கிப் போனார். சாயங்காலம் கணக்குப் பார்த்தால் 46 வெள்ளி வரவே இல்லை. என் அப்பாவுக்கு வயது 71. அவருடைய சேமிப்பு 90,000 வெள்ளி ஒரே கணக்கில், அதுவும் பேநவ் இணைத்த கணக்கில் கிடக்கிறது. "பணம்னா கண்ணுக்குத் தெரியணும்" என்று புலம்புகிறார். மதுரையில் இருக்கும் மாமியாருக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறோம். ஊரே ரொக்கமில்லாமல் மாறிக்கொண்டிருக்கிறது. அதை நம்பும் அளவுக்கு இது பாதுகாப்பானதுதானா?
- ஒரு வாசகி, தேக்கா

பதில்:

அன்புச் சகோதரி,

பணம் போகும் பாதை பாதுகாப்பானது. உங்கள் வங்கிக்கும் இன்னொரு வங்கிக்கும் நடுவில் புகுந்து பணத்தை உருவுவது லேசான காரியம் இல்லை. பணம் தொலைவது இரண்டு முனைகளில்: அனுப்புகிறவர் விரலில், வாங்குகிறவர் கண்ணில். 2024இல் சிங்கப்பூரில் 51,501 மோசடிச் சம்பவங்கள் பதிவாயின. குறைந்தது 110 கோடி வெள்ளி போனது. அவற்றில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்ட சம்பவங்களில் பணத்தை அனுப்பியது ஏமாந்தவரேதான். பூட்டை யாரும் உடைக்கவில்லை. வீட்டுக்காரரே திறந்து கொடுத்திருக்கிறார்.

அப்படித் திறந்து கொடுத்தது ஏன் இவ்வளவு பெரிய நட்டமாகிறது? வேகத்தால்தான். 2014இல் வங்கிகளுக்கிடையில் உடனுக்குடன் பணம் அனுப்பும் ஃபாஸ்ட் என்ற ஏற்பாடு வந்தது, 2017 ஜூலையில் அதன்மேல் பேநவ் வந்தது. அதற்கு முன்னால் காசோலை கொடுத்துவிட்டுச் சந்தேகம் வந்தால், மறுநாள் காலை வங்கிக்கு ஓடி நிறுத்தச் சொல்லலாம். இன்று சில வினாடிகளில் பணம் அடுத்தவர் கணக்கில் உட்கார்ந்துவிடும். நிமிடக் கணக்கில் அங்கிருந்து மூன்றாவது, நான்காவது கணக்குக்குத் தாவிவிடும். கடன் அட்டையில் ஏமாந்தால் வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழிமுறை உண்டு. பேநவ்வில் அப்படி இழுத்துப் பிடிக்கும் கயிறு இல்லை.

அதனால் எந்தப் பணம் ஓட வேண்டும், எந்தப் பணம் ஓடவே கூடாது என்று பிரித்துவிடுங்கள். உங்கள் கடைப் பணம் ஓட வேண்டிய பணம். அப்பாவின் 90,000 அசையக் கூடாத பணம். இரண்டையும் ஒரே மாதிரி வைத்திருப்பதுதான் ஆபத்து.

முதலில் அந்த 46 வெள்ளி. போன் திரையைக் காட்டி ஏமாற்ற மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. பழைய ரசீதின் படத்தில் தொகையையும் தேதியையும் மாற்றிக் காட்டுவது ஒன்று. எல்லாவற்றையும் நிரப்பிக் கடைசிப் பொத்தானை அழுத்தாமல், அந்தத் திரையைச் சட்டென்று காட்டிவிட்டு நகர்வது இரண்டாவது. மூன்றாவதுதான் கெட்டிக்காரத்தனமானது: நாளைய தேதிக்குப் பணம் போகும்படி பதிந்துவிட்டு, 'வெற்றி' என்று வரும் திரையைக் காட்டுவது. அந்தத் திரை பொய் இல்லை, ஆனால் இரவே அதை ரத்து செய்துவிடலாம். இதில் எதையும் கூட்ட நேரத்தில் கண்ணால் பிடிக்க முடியாது. பிடிக்க முயலவும் வேண்டாம். வாடிக்கையாளரின் திரை உங்களுக்கு அத்தாட்சியே கிடையாது. உங்கள் பக்கம் பணம் வந்ததற்கான அறிகுறி ஒன்றுதான் அத்தாட்சி.

மாவுக் கையோடு நீங்கள் போனைத் தொட முடியாது. அதனால் காதுக்குக் கேட்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு திறந்து, வங்கி வணிகர்களுக்குத் தரும் செயலியை ஒரு மலிவான போனில் போட்டு, சத்தத்தை முழுதாக வைத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். அந்தப் போனில் பணம் வந்ததைப் பார்க்க மட்டும் முடிய வேண்டும். பணம் அனுப்பும் அதிகாரம் இருக்கக் கூடாது. உங்கள் சொந்த வங்கிச் செயலியைக் கடைப் பையனிடம் திறந்து கொடுப்பது வேண்டவே வேண்டாம். நெட்ஸ் கருவியில் 'பீப்' சத்தமும் காகிதச் சீட்டும் வருகிறதே, கூட்ட நேரத்துக்கு அது இன்னும் நல்லது. தமிழ்நாட்டில் டீக்கடை வரை "பணம் பெறப்பட்டது" என்று பேசும் சின்ன ஒலிப்பெட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். போலித் திரைக்கு அதைவிட எளிய மருந்து இல்லை.

சத்தம் வரவில்லை என்றால் பார்சல் கை மாறக் கூடாது. "அண்ணே, இன்னும் இங்க வரலை, ஒரு நிமிஷம் நில்லுங்க" என்று சொன்னால் போதும். நேர்மையானவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். "லைன் ஸ்லோவா இருக்கு, அப்புறம் வந்துடும்" என்று அவர் சொன்னால், வேறு வழியில் கட்டச் சொல்லுங்கள். பேநவ் பணம் சாயங்காலம் வந்து சேரும் பணம் இல்லை.

இன்னொரு ஓட்டை, மோசடியே இல்லாமல் நட்டம் வருவது. மேசையில் ஒட்டிய க்யூஆர் குறியீட்டில் தொகையை வாடிக்கையாளர்தான் தட்டுகிறார். 4.60க்குப் பதில் 0.46 என்று விழுந்தால் சத்தம் வரும், பணம் வராது. ஆகவே 20 வெள்ளிக்கு மேற்பட்ட பார்சல் என்றால் தொகையை நீங்களே கருவியில் தட்டி, அதற்கென்று உருவாகும் குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

குறியீட்டு அட்டையையும் கவனியுங்கள். உங்கள் குறியீட்டின்மேல் தன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டால், நாள் முழுக்க உங்கள் தோசைக்கு வேறொருவர் பணம் வாங்குவார். காலையில் கடை திறந்ததும் உங்கள் போனால் ஒருமுறை ஸ்கேன் செய்து, யார் பெயர் வருகிறது என்று மட்டும் பாருங்கள். பணம் கட்ட வேண்டியதில்லை. அட்டையின் ஓரத்தில் நகத்தை ஓட்டினால் இரட்டை ஸ்டிக்கர் தட்டுப்படும். பலகையில் ஒரு கடைப் பெயர், கணக்கில் வேறு பெயர் என்பது அங்காடிகளில் சகஜம். அந்தக் கணக்குப் பெயரைக் குறியீட்டுக்குக் கீழே பெரிதாக எழுதி வையுங்கள். வாடிக்கையாளரும் சரிபார்ப்பார், உங்களுக்குச் சம்பளமில்லாத காவல்காரர் கிடைத்த மாதிரி.

மொத்த ஆர்டர் எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதில்தான் எனக்குக் கவலை அதிகம். ராணுவ முகாமிலிருந்து பேசுகிறோம், பள்ளியிலிருந்து பேசுகிறோம் என்று 150 பேருக்குச் சாப்பாடு கேட்பார்கள். அதிகாரக் கடிதம் மாதிரி ஒன்றும் வரும். பிறகு, "இந்தச் சாமானையும் சேர்த்துக் கொடுங்க, இந்த சப்ளையர்கிட்ட வாங்கிக்கங்க, மொத்தமா கட்டிடறோம்" என்பார்கள். அந்த சப்ளையரும் அவர்கள் ஆள்தான். நீங்கள் முன்பணம் கட்டியதும் இருவரும் காணாமல் போவார்கள். முன்பணம் உங்கள் கணக்குக்கு வந்த பிறகுதான் அரிசி ஊற வேண்டும். நீங்கள் தேர்ந்தெடுக்காத சப்ளையருக்கு ஒரு காசும் போகக் கூடாது. ஆர்டர் கொடுத்தவரின் அலுவலகப் பொது எண்ணை நீங்களே தேடி அழைத்துக் கேளுங்கள். அவர் தந்த எண்ணை அழைத்தால் அவரேதான் எடுப்பார்.

அதேபோல் 50 வெள்ளிக்கு 500 அனுப்பிவிட்டு, "தப்பா போயிடுச்சு, மீதிய இந்த நம்பருக்குத் திருப்பி அனுப்புங்க" என்று யாராவது கேட்டால் அனுப்பாதீர்கள். அது வேறெங்கோ ஏமாந்தவரின் பணமாக இருக்கலாம். நீங்கள் நல்லெண்ணத்தில் மூன்றாவது எண்ணுக்குத் தள்ளிவிட்டால், கைமாற்றிய கணக்கு என்று உங்கள் கணக்கு முடக்கப்படும். வங்கிக்கு அழைத்துச் சொல்லி, வங்கி வழியாகவே திருப்புங்கள்.

இனி அப்பாவின் 90,000. உங்கள் அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பணத்துக்குக் கண் நாம்தான் வைக்க வேண்டும்.

2025 அக்டோபர் 15 முதல் பெரிய வங்கிகள் ஒரு விதியை நடைமுறைப்படுத்துகின்றன. 50,000 வெள்ளி அல்லது அதற்கு மேல் இருக்கும் கணக்கிலிருந்து 24 மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் இணையவழி வெளியே போகப் பார்த்தால், அந்தப் பரிவர்த்தனையை 24 மணி நேரம் நிறுத்தி வைப்பார்கள் அல்லது மறுத்துவிடுவார்கள். நல்ல விதி. வேகத்தைக் குறைக்க வேண்டிய இடத்தில் குறைக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 90,000இல் பாதி 45,000. அதுவரை இந்த விதி தலையிடாது. கணக்கில் 48,000தான் இருக்கிறது என்றால் விதியே பொருந்தாது. பாதியைக் காப்பாற்றும் விதியை நம்பி முழுப் பணத்தையும் திறந்து வைக்க முடியாது.

அதனால் பணத்தைப் பூட்டிவிடுங்கள். 2023 நவம்பரிலிருந்து உள்ளூர் வங்கிகள் மூன்றும் பணப்பூட்டு வசதி தருகின்றன. பெயர் வங்கிக்கு வங்கி மாறும். பூட்டிய தொகையை இணையம் வழியாக வெளியே அனுப்ப முடியாது. திறப்பதற்குக் கிளைக்கு நேரில் போக வேண்டியிருக்கும். சில வங்கிகளில் ஏடிஎம் இயந்திரத்திலும் முடியும். கடவுச்சொல்லைத் திருடியவன் வேறு நாட்டில் உட்கார்ந்துகொண்டு தேக்கா கிளைக்கு வர முடியாது, அதுதான் இதன் பலம். அப்பாவின் மாதச் செலவு 1,200 வெள்ளி என்றால், பேநவ் கணக்கில் 2,000 விட்டுவிட்டு மீதி 88,000ஐப் பூட்டச் சொல்லுங்கள். வட்டி எப்படி வரும் என்று கவுண்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு மூன்று அமைப்புகளை மாற்றுங்கள். தினசரி அனுப்பும் வரம்பு ஆயிரக்கணக்கில் இருந்தால் 200 அல்லது 300 ஆக்குங்கள். பணம் வெளியே போனால் தகவல் வரும் வரம்பு பெரும்பாலும் 100 வெள்ளியில் இருக்கும். அதை ஒரு காசுக்கு இறக்குங்கள். திருடன் முதலில் சின்னத் தொகை அனுப்பிப் பார்ப்பது வழக்கம். மூன்றாவது, மத்திய சேம நிதி. 55 வயது தாண்டியவர்கள் இணையம் வழி எடுக்கும் தினசரி வரம்பு, நாம் மாற்றாவிட்டால், 2,000 வெள்ளி. அப்பாவுக்கு இப்போது எடுக்கும் தேவை இல்லை என்றால் அதைச் சுழியமாக்கிப் பூட்டிவிடலாம். வரம்பை மறுபடி ஏற்ற வேண்டுமானால் சிங்பாஸ் (அரசின் மின்அடையாளம்) வழி முக அடையாளமும் 12 மணி நேரக் காத்திருப்பும் தேவை.

இந்த 12 மணி நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அதைத் தொல்லை என்று நினைக்கிறார்கள். 2021 டிசம்பரில் ஒரு வங்கியின் பெயரில் போலிக் குறுஞ்செய்தி வந்து, 790 பேர் 1 கோடியே 37 லட்சம் வெள்ளியை இழந்தார்கள். அந்தச் செய்தி, வங்கியின் உண்மையான செய்திகள் வரும் அதே வரிசையில் வந்து உட்கார்ந்ததால் ஏமாந்தார்கள். போலிப் பக்கத்தில் பெயரையும் ரகசிய எண்ணையும் அடித்தார்கள், ஓடிபியையும் அடித்தார்கள். மோசடிக்காரன் அதை வைத்து வங்கியின் மின்டோக்கனை (பரிவர்த்தனைக்கு ஒப்புதல் தரும் மின்சாவியை)த் தன் போனுக்கு மாற்றிக்கொண்டான். அதன்பின் ஒப்புதல் எல்லாம் அவன் போனுக்கே போயின. அந்தப் பாடத்துக்குப் பிறகுதான், புதுப் போனில் டோக்கன் போட்டால் 12 மணி நேரம் ஆபத்தான வேலை எதுவும் செய்ய முடியாது என்றாயிற்று. குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனங்கள் தங்கள் பெயரைப் பதிவதும் 2023 ஜனவரி இறுதியிலிருந்து கட்டாயம். பதியாத பெயரிலிருந்து வருவது 'லைக்லி-ஸ்காம்' என்ற முத்திரையோடு வரும். ஆக, "உங்கள் டோக்கன் புதுச் சாதனத்தில் இயக்கப்பட்டது" என்று இரவு 11 மணிக்கு ஒரு தகவல் வந்தால், அதைப் பிடிக்க உங்களுக்குக் காலை 11 வரை நேரம் இருக்கிறது. அப்பாவின் போனில் வங்கித் தகவல்களை மௌனமாக்காதீர்கள்.

ஆண்ட்ராய்டு போன் என்றால் ஒரு கட்டளை போதும்: போனின் அதிகாரபூர்வ செயலிக் கடையிலிருந்து அல்லாமல், இணைப்பு வழியாக வரும் எந்தச் செயலியையும் போடக் கூடாது. ஏபிகே என்று முடியும் அந்தக் கோப்புகள், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான 'அணுகல்' அனுமதியைக் கேட்கும். அதைக் கொடுத்துவிட்டால் திரையைப் படிக்கவும் நம் இடத்தில் விரல் வைத்துத் தட்டவும் அதனால் முடியும். ராத்திரியில், போன் மேசையில் கிடக்கும்போதே பணம் போகும். மீன் மலிவாக வீட்டுக்கே வரும், வீடு சுத்தம் செய்து தருகிறோம், 5 வெள்ளி முன்பணம் கட்ட இந்தச் செயலியைப் போடுங்கள் என்பதுபோல்தான் பேச்சு தொடங்கும்.

அரசு அதிகாரி என்று யாராவது அழைத்து, "உங்க பேருல வழக்கு இருக்கு, பணத்தப் பாதுகாப்பான கணக்குக்கு மாத்துங்க" என்றால் போனை வைத்துவிடச் சொல்லுங்கள். எந்த அதிகாரியும் தொலைபேசியில் பணம் மாற்றச் சொல்ல மாட்டார், அழைப்பைப் போலீசுக்கு மாற்றிக் கொடுக்கவும் மாட்டார். சந்தேகம் வந்தால் 1799 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

பணம் போனால் யார் பொறுப்பு? 2024 டிசம்பர் 16 முதல் நடப்பில் உள்ள பகிர்ந்த பொறுப்பு ஏற்பாட்டின்படி, வங்கி தன் கடமைகளில் (காத்திருப்பு நேரம், உடனடித் தகவல், கணக்கை முடக்கும் பொத்தான் போன்றவை) தவறியிருந்தால் முதலில் வங்கி ஈடுகட்ட வேண்டும். அது சரியாகச் செய்திருந்து தொலைபேசி நிறுவனம் தவறியிருந்தால் அடுத்து அது. இருவரும் சரியென்றால் நட்டம் வாடிக்கையாளருக்கு. இதுவும் போலிப் பக்கத்தில் விவரங்களை அடித்து ஏமாந்தவர்களுக்கு மட்டும்தான். நச்சுச் செயலியால் போனதும், காதல், முதலீடு என்று நம்பித் தானே அனுப்பியதும் இதில் வராது. பெரும்பாலான இழப்பு அங்கேதான் நடக்கிறது என்பதால், இந்த இடைவெளி எனக்கு மனக்குறைதான். 2025 ஜூலை முதல் போலீசுக்கு ஓர் அதிகாரம் உண்டு: ஒருவர் மோசடிக்காரருக்கு அனுப்பத்தான் போகிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், அவர் மறுத்தாலும் அவர் கணக்கிலிருந்து பணம் போவதை 30 நாள் வரை நிறுத்தலாம், தேவைப்பட்டால் நீட்டிக்கலாம். வீட்டில் யாராவது சொல்பேச்சுக் கேட்காமல் அனுப்பிக்கொண்டே இருந்தால் தயங்காமல் போலீசிடம் போங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 1,00,000 வெள்ளி வரை வைப்புத்தொகைக் காப்புறுதி உண்டு என்பது வங்கியே திவாலானால் மட்டும். மோசடிக்கு அது பொருந்தாது.

மதுரைக்கு அனுப்புவதைப் பொறுத்தவரை, 2023 பிப்ரவரி 21 முதல் பேநவ்வும் இந்தியாவின் யுபிஐயும் இணைக்கப்பட்டிருக்கின்றன. பங்கேற்கும் வங்கியில் கணக்கு இருந்தால் நேராக அனுப்பலாம். திரையில் மாமியார் பெயர் வருகிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். முதல் முறை 10 வெள்ளி அனுப்பி, கிடைத்ததா என்று பேசிக் கேட்டுக்கொள்ளுங்கள். மாமியாரிடம் ஒன்றை மட்டும் மனப்பாடமாகச் சொல்லி வையுங்கள்: பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. "சிங்கப்பூர்லேர்ந்து பணம் வந்திருக்கு, எடுக்க பின் நம்பர் போடுங்க" என்று யார் சொன்னாலும் அது அவர் கணக்கிலிருந்து எடுக்கும் வேலை. ஏமாந்துவிட்டால் அங்கே அழைக்க வேண்டிய எண் 1930.

கடைசியாகக் கல்லாப்பெட்டி. அதை எடுக்க வேண்டாம், சின்னதாக்குங்கள். 2023 அக்டோபர் 14 பிற்பகலில் ஒரு தரவு நிலையத்தில் குளிரூட்டும் அமைப்பு பழுதாகி, இரண்டு வங்கிகளின் சேவை பல மணி நேரம் நின்றது. ஏறத்தாழ 25 லட்சம் கட்டண, ஏடிஎம் பரிவர்த்தனைகள் நடக்கவில்லை. அது ஒரு சனிக்கிழமை. தேக்காவில் சனிக்கிழமை என்றால் உங்களுக்கே தெரியும். அன்றைக்கு ஒரு மோசடிக்காரனும் இல்லை, ஒரு குழாய் வால்வு மூடிக்கொண்டதுதான் காரணம். சில்லறையாக 150 வெள்ளி எப்போதும் கடையில் இருக்கட்டும். க்யூஆர் பணம் ஒரு வங்கிக்கும், நெட்ஸ் பணம் இன்னொரு வங்கிக்கும் போகும்படி வைத்தால், ஒன்று படுத்தாலும் மற்றது ஓடும். ரொக்கம் மட்டுமே கையில் வைத்திருக்கும் முதியவர்களும், ஞாயிற்றுக்கிழமை வரும் ஊழியர் தம்பிகளும் உங்கள் கடையில் பசியாற வேண்டும் என்பதையும் உங்கள் மகனிடம் சொல்லுங்கள். ரொக்கத்தை ஒரேயடியாகத் துரத்திவிட்ட ஊர், மின்சாரம் நின்றால் சாப்பாடும் நின்றுபோகும் ஊராகிவிடும்.

எவ்வளவு பார்த்தும் ஏதாவது நடந்துவிட்டால் முதல் பத்து நிமிடம்தான் முக்கியம். வங்கிச் செயலியில் கணக்கை முடக்கும் பொத்தான் எங்கே என்று இன்றே அப்பாவோடு உட்கார்ந்து தேடி வையுங்கள். பதற்றத்தில் தேடினால் கிடைக்காது. போன் கையில் இல்லை என்றாலும் முடக்கும்படி வங்கியின் அவசர எண்ணை ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுங்கள். முடக்கியதும் வங்கியிடம் பேசி, பணம் போன பரிவர்த்தனை எண்ணையும் நேரத்தையும் சொல்லுங்கள், பிறகு போலீஸ் புகார். நச்சுச் செயலி என்று சந்தேகம் வந்தால் போனை விமான நிலைக்கு மாற்றிவிட்டு, வேறொரு போனிலிருந்து அழையுங்கள். புகார் கொடுக்கும் வரை அந்தப் போனை அழித்து மீட்டமைக்க வேண்டாம். உங்கள் தரப்புச் சாட்சி அதற்குள்தான் இருக்கும்.